கொழுந்தாடைக் கேஸ்

யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத என் அப்பாவுக்கு,

சட்டம் மாறிவிட்டதாம். பாகூர் டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். சின்னத் திருட்டு, முதல் தடவை என்றால், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொதுவேலை செய்தால் போதுமாம். ஜெயில் கிடையாதாம். நீ போன பிறகு வந்திருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆனாலும் கேட்கிறேன். நீ கொண்டுவந்த கொழுந்தாடையை நம் மாடு அன்றைக்கே தின்றுவிட்டதே, எதைத் திருப்பிக் கொடுத்திருப்பாய்? சாணியையா?

கரும்பின் நுனியில் இருக்கும் அந்தப் பச்சைத் தழை வெட்டினவருக்குத்தான். நம் பக்கத்தில் யாரும் அதைக் கேட்டு எடுத்ததில்லை. நிலத்தை வாங்கிய டவுன் முதலாளிக்கு அது தெரியவில்லை; திருட்டு என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் "எடுத்தியா?" என்றதும் நீ தயங்கவே இல்லை.

"ஆமா சார், நாந்தான் எடுத்தேன். வெட்னவன்தான எடுப்பான்?"

முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஏம்பா, ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

ஜாமீனுக்கு ஆள் தேடி நாங்கள் அலைவதற்குள் ஜெயிலில் உன் மூச்சிளைப்பு முந்திக்கொண்டது. நடந்து போன உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம் வக்கீலைப் பார்த்தேன். "ஆளே இல்லன்னா கேஸ் முடிஞ்சிதும்மா" என்றார்.

"அப்ப எங்கப்பா திருடலன்னு யாரு சொல்லுவாங்க?"

"அத இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நாளைக்கு அதே கரும்புக் கொல்லையில் அம்மாவுக்கு வெட்டு வேலை. உன் கேஸுக்குப் பிறகு அங்கே யாரும் கொழுந்தாடையைத் தொடுவதில்லை. காய்ந்து கிடந்து, கடைசியில் கொளுத்துகிறார்கள். முதலாளிக்கும் அது வேண்டியிருக்கவில்லை, பார்த்தாயா?

அம்மாவிடம், "நானும் லீவு போட்டுட்டு வெட்ட வர்றேன், ஒரு கட்டு தூக்கினு வரலாம்" என்றேன்.

"இன்னாடி பேசற? ஒருத்தர முழுங்கனது போதாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கும் பயம்தான் அப்பா. இருந்தாலும் நாளைக்குப் பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரேயும் எடுப்பேன். கேஸ் போட்டால் போடட்டும். ஒத்துக்கொண்டால் பொதுவேலையோடு விட்டுவிடுகிறோம் என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது திருட்டா இல்லையா என்று ஒரு ஜட்ஜ் வாயால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்வரை நான் சாக மாட்டேன்.

உன் மகள்,
வள்ளி