வெறுந்தாளில் வைத்த கையெழுத்து

மச்சான்,

இன்று காலை, வேலைக்குப் புதிதாக வந்த பெண் கழிவு அனுப்பும் தாள்களின் புத்தகத்தை என் முன் நீட்டினாள். "அங்கிள், டிரைவர் வெயிட் பண்றார். சைன் மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் ஃபில் பண்ணிக்கிறேன்." தமிழ்நாட்டுப் பிள்ளை, கெட்டிக்காரி. கார்பன் தாளின் வாசம் மூக்கில் ஏறியதும் புத்தகத்தை அவளிடமே தள்ளினேன். எல்லோர் முன்னாலும் அவளை ஏசிவிட்டேன். பாவம், ஏச்சு வாங்க வேண்டியவன் நான்.

எங்கள் முலாம் பூசும் தொழிற்சாலையில் உண்டாகும் நச்சுக்கழிவு, அழியும் இடம்வரை ஒரு தாளோடுதான் போக வேண்டும். இன்ன கழிவு என்று எழுதி நான் கையெழுத்திடுவேன், பிறகு லொறிக்காரர், கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்தில் அதைப் பொறுப்பேற்கும் நீ. டண்டினோங் தொழிற்பேட்டையில் உன் வேலையிடத்துக்கும் என்னுடையதுக்கும் பத்து நிமிடக் கார் ஓட்டம். மற்றவர்களின் பீப்பாய்களில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் நீ, என்னுடையதை மட்டும் சோதிப்பதில்லை. "உன்ரை கையெழுத்தைக் கண்டாப் பிறகு என்னத்துக்கடா சோதனை?" என்று சிரிப்பாய். எனக்கு அது பெருமையாக வேறு இருந்தது.

அந்த ஆடி வெள்ளி, வேலை முடிய நான் உன்னை ஏற்றிக்கொண்டு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதாக இருந்தது. "பிந்தினியெண்டா நான் பஸ்ஸிலை போயிடுவன்" என்று காலையிலேயே போனில் வெருட்டினாய். லொறி வரச் சுணங்கியது. நான் வெறுந்தாளில் கையெழுத்து வைத்துவிட்டுக் குளிக்க வீட்டுக்கு ஓடினேன். லொறிக்காரர், போன கிழமைத் தாளில் நான் எழுதியிருந்ததைப் பார்த்து 'அமிலம்' என்று நிரப்பி, பீப்பாய்களிலும் அதையே ஒட்டினார். அன்று ஏற்றியது சயனைட். நீ அதை அமிலத் தொட்டியில் ஊற்றினாய். நஞ்சுக்காற்று கிளம்பியபோது உனக்கு ஓடக்கூட நேரம் இருக்கவில்லையாம். ஊரில் போராளிகளின் கழுத்தில் தொங்கிய அந்தச் சயனைட்டின் பெயரைக் கேட்டே பயந்து ஓடிவந்தவர்கள் நாம்.

இந்த நாட்டு ஆடிக் குளிரில், வேட்டியோடும் அர்ச்சனைத் தட்டோடும் நான் உன் வேலையிடக் கேற்றடியில் நின்றேன். அம்புலன்ஸ் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனது. அது உனக்காக இருக்கும் என்று தோன்றவே இல்லை. பிந்துகிறாயே என்று உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

விசாரணையில், "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். எப்போது வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லொறிக்காரரும் வாய் திறக்கவில்லை. தாளில் பிழை இருந்தாலும், சோதிக்காமல் ஊற்றியது உன் பிழை என்று எழுதி முடித்தார்கள்.

ஒவ்வொரு திவசத்துக்கும் கிளென் வேவர்லி வீட்டில் உன் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்பாள்: "எதையும் ரெண்டு தரம் பாக்கிற மனுசன். அண்டைக்கு மட்டும் ஏனண்ணை பாக்காமல் விட்டவர்?" நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். நான் ஒரு கோழை, மச்சான்.

அந்தத் தாளில் ஒரு பிரதி எனக்கு, ஒன்று லொறிக்காரருக்கு, ஒன்று உன் நிலையத்துக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு. உன் வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை.

என் பிரதி இத்தனை வருடமாக மேசை லாச்சியில் கிடக்கிறது. நாளை உன் திவசம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன். போன வருடமும் வைத்துக்கொண்டுதான் போனேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.