தங்கதுரையை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனேன்

நைனார்பாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புனேயில் நீயும் சந்தியாவும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் ஜாஸ்தி, வயலுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. மரவள்ளியைப் பிடுங்கி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். தங்கதுரை பேரை எடுத்தாலே விட்டுத்தொலைம்மா, தங்கச்சி திரும்பியா வரப்போறா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது, முழுக்கப் படி.

நான் விடவில்லை தீனா, விடவும் மாட்டேன். உன் தங்கை தமிழ்ப்ரியா அந்தக் கோடையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், ஓயாமல் ஒன்றுக்குப் போனாள், பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தாள். நடக்க முடியாமல் விழுந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு தங்கதுரை கிளினிக்குக்கு ஓடினோம். அவன் டாக்டருக்குப் படித்தவன் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், கைராசிக்காரன் என்று எல்லாரும் போவார்கள். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல வாடிப்பூட்டாம்மா, ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா எழுந்து ஓடியாந்துடுவா" என்றான். உடம்பெல்லாம் சர்க்கரை ஏறி மூச்சு இரைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரையே நரம்பில் ஏற்றினான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி பாரதி டாக்டர் பிறகு எனக்கு விளக்கிச் சொன்னார், இது டைப் ஒன் என்கிற சர்க்கரை நோய், சின்னப் பிள்ளைகளுக்கும் வரும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், இன்சுலின் போட்டிருந்தால் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள் என்று. அதைக் கேட்ட அன்றே அவர் நடத்துகிற தன்னார்வலர் குழுவில் சேர்ந்துவிட்டேன். அம்மா சேவை செய்கிறாள் என்று நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாயாம், சந்தியா சொன்னாள். சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊர் ஊராகப் போய் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும், அவன் பிழைப்பில் மண் விழவேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன்.

மலைக்கு மேலே வெள்ளிமலைச் சந்தை நாளில் ஜீப்பில் போய் மேசை போட்டு உட்காருவோம். தாகம், மெலிவு, பாயை நனைப்பது, இதெல்லாம் பிள்ளையிடம் கண்டால் கொண்டுவந்து விரலைக் காட்டுங்கள் என்று தொண்டை வறளக் கத்துவேன். சாமை மூட்டையை இறக்குகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சர்க்கரை வயசானவர்களுக்கு வருவது, பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்று சிரிப்பார்கள். இதற்கிடையில் நான் கொடுத்த புகாரில் அதிகாரிகள் வந்து தங்கதுரை கிளினிக்கைப் பூட்டினார்கள். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன் என்பதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அவன் பெண்டாட்டி இருசம்மாள் முதலில் அழுதுகொண்டு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. பிறகு அவனே வந்து வாசலில் நின்றான், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். வெள்ளிமலைச் சந்தையில் வந்து நின்று, என் பிள்ளைக்கு நீ செய்ததை உன் வாயாலேயே சொல், அப்புறம் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. எல்லார் முன்னாலும் அவன் தலை குனிந்து நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

வந்தான். போன சந்தையன்று ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். மலைக்காரர்களில் பாதிப் பேர் கீழே இறங்கி அவனிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவனைப் பார்த்ததும் டாக்டர் வந்திருக்கிறார் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது, ஆள் சேரச் சேர அவமானம் பெரிதாகும் அல்லவா. அவன் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "நான் டாக்டர் இல்லீங்க. இந்தம்மா பொண்ணு தமிழ்ப்ரியா தண்ணியா குடிச்சி ஓயாம ஒண்ணுக்குப் போயிக்கினு இருந்திச்சி, சர்க்கரைன்னு தெரியாம குளுக்கோஸ் ஏத்திட்டேன், அது செத்துப்பூட்டுது" என்றான். காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் துப்பவில்லை. பழனியம்மாள் என்று ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள், வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பாயை நனைக்கிறது என்று அதைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தாளாம். விரலைக் குத்திப் பார்த்தோம், மெஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேலே என்றுதான் காட்டியது. நாங்கள் வந்த ஜீப்பிலேயே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்துவிட்டது, இன்சுலின் போட்டுக்கொள்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது அவனும் வந்திருந்தான், பழனியம்மாள் என்னைத் தாண்டிப் போய் அவன் காலில் விழுந்தாள். அந்தம்மா அதுக்கு முந்தின சந்தையிலயும் பேசிக்கினு இருந்தாங்க, சோப்பு விக்கறவங்கன்னு நெனச்சிக்கினேன், டாக்டர் சொன்னதாலதான் ஓடுனேன் என்கிறாள். ஒரு வருஷமாகக் கத்தியவள் சோப்புக்காரி, என் பிள்ளையைக் கொன்றவன் தெய்வம். அவமானப்படுத்தப் போய் அவனுக்கு நானே பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்ததும் ஆத்திரத்தில் அவனைப் பிடித்து, புகாரை வாபஸ் வாங்கமாட்டேன், அன்றைக்கே வாங்குவதாக இல்லை, உன்னை ஏமாற்றித்தான் மலைக்குக் கூட்டிப்போனேன் என்று கொட்டிவிட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுங்கம்மா. மலைமேல கரியாலூருக்கு எப்போ போறீங்க, நானும் வரேன்" என்றான்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை தீனா. அவன் கெட்டவனாகவே இருந்து தொலைத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கரியாலூருக்கு அவனைக் கூட்டிப்போகிறேன், அதற்கு மேலே இருக்கிற ஊர்களுக்கும் கூட்டிப்போவேன். போகிற இடமெல்லாம் தங்கச்சி பேரைச் சொல்லித்தான் அவன் வாயைத் திறக்கவேண்டும், பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். வழக்கும் நடக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு. நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், அம்மன் துணை இருப்பாள். நீயும் பாப்பாவும் அந்த ரத்தப் பரிசோதனையை இன்னும் எடுக்கவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் நெருங்கிய ரத்த சொந்தத்துக்கும் இந்த நோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதலாம், வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் அடையாளம் தெரியுமாம், அதை ஆராய்கிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்களாம். பாரதி டாக்டர் உனக்கு விவரம் அனுப்பியிருக்கிறார். இந்த மாதத்துக்குள் எடுத்துவிடு. அம்மா சொல்லி ஏறாது என்றால் சொல், தங்கதுரையை விட்டே உன்னிடம் பேசச் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
செந்தமிழ்ச்செல்வி