பத்து நாள் மறைத்த சேதி

போடி,
புரட்டாசி 25

அன்புப் பேத்தி பானுப்பிரியாவுக்கு உன் அப்பத்தா எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், அதைச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுப் போர்த்திக்கொண்டு இருந்தால் அதுவே எனக்குப் போதும். நாற்பத்தொரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் நாலாங்கிளாஸ் எழுத்தில் இதை எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பொன்னுமணி செல்லில் படம் பிடித்து அனுப்புவாள்.

உன் அப்பன் அழகுராஜா போனது ஆவணி ஐந்து, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை. மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஜீப்பில் போட்டு இறக்கினார்கள், போடிமெட்டு வளைவு முடிவதற்குள் அடங்கிவிட்டான். ஊருக்கெல்லாம் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. முந்தின ஞாயிறுதான் நீ உன் மேல்படிப்பு எந்திரத்தைச் செல்லில் காட்டினாய். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஒரு இரும்புக் கை சின்னச் சின்னக் குப்பிகளில் மருந்தை ஊற்றிக் கலக்கும், வந்ததைப் பார்த்து அடுத்தது எது என்று அதுவே முடிவு செய்யும் என்றாய். வர்ற வியாழன் ஏத்திவிட்டா பத்து நாள் ஓடணும் அப்பத்தா, நடுவுல நின்னா ரெண்டு வருசப் பாடு போச்சு என்றாய். உன் அப்பன் சிரித்து, நம்ம ஸ்டோரு மாதிரித்தாண்டா, கதவச் சாத்திட்டா காய் உலர்ற வரைக்கும் எவனும் தொறக்கக் கூடாது, குளிர் ஏறுனா பச்சை வெளுத்துப் போகும் என்றான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன் நான். பிணம் நடுவீட்டில் கிடக்க, புள்ள அங்க ஸ்டோரு ஏத்தியிருக்கு, எவளாச்சும் போனத் தொட்டீக, வெளக்கமாறு பிஞ்சுபோகும் என்று சத்தம் போட்டேன். கொள்ளி வைத்தது பங்காளி மகன்.

பத்து நாள் கழித்துச் சொன்னபோது நீ அழவில்லை. அந்த எந்திரத்துக்குப் பக்கத்துல ஆளே வேண்டாம் அப்பத்தா, நான் அன்னைக்கே பிளேன் ஏறியிருப்பேன், அது பாட்டுக்கு ஓடியிருக்கும், அதுக்குத்தான இந்தப் படிப்பே என்றாய். ஆள் காவல் இல்லாமல் நடக்கிற வேலை ஒன்று உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும் தாயி. ஸ்டோர் கதவு சாத்தியிருந்தாலும் அடுப்புப் பக்கம் ஆள் இருந்தாக வேண்டும், உன் அப்பன் முப்பது வருசம் அங்கேயே இருந்தான்.

அவன் பிறந்த பதினோராம் நாள் என் ஆத்தா ராசிங்காபுரத்தில் செத்தாள். பச்ச ஒடம்புக்காரி தாங்க மாட்டா என்று என் அண்ணன் சீனிச்சாமி சேதியை மறைத்துவிட்டான், கருமாதி முடிந்துதான் எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வருசமாக நான் அவன் வாசலை மிதிக்கவில்லை. இந்த ஆவணி ஐந்தில் உன் அப்பன் பிணத்துக்குத் தாய்மாமன் முறைக்குப் போர்த்தக் கோடித் துணி கொண்டுவந்தவனைத் தெருவிலேயே நிறுத்தி, ஒன் கோடி எம்மகனுக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ என்றேன். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு நடந்தான். அந்த நேரம் பார்த்து என் மடியில் செருகியிருந்த செல்லில் நீ கூப்பிட்டாய், ஒங்கப்பன் மலையில இருக்கான், அங்க டவர் இல்ல என்றேன். அண்ணன் முதுகு அப்போதும் எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்னும் அவனை நான் மன்னிக்கவில்லை. அதனால் என்னை மன்னி என்று உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. கோபமாகவே இரு, ஆனால் நான் அண்ணன் மேல் வைத்திருக்கும் அளவு வருசம் நீ வைத்தால், அது ஆறுவதைப் பார்க்க என்னிடம் காலம் இல்லை, எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. படிப்பை விடப் போவதாகப் பொன்னுமணியிடம் சொன்னாயாமே, அந்தக் காரியம் மட்டும் செய்யாதே. எந்திரத்தின் மேல் குற்றமில்லை, குறுக்கே நின்றவள் நான்.

அஸ்தியைச் சுருளி அருவியில் கரைக்க வந்தவர்களைத் துரத்திவிட்டேன். கலயம் கொல்லையில் புளியமரத்தில் தொங்குகிறது, ஊர் ஏசுகிறது, ஏசட்டும். தை அமாவாசைக்கு லீவு கேட்டு வா. என்னோடு பேச வேண்டாம், என் கையால் சாப்பிட வேண்டாம், சுருளிக்குப் போகும் பஸ்சில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள். கலயத்தை நீ தூக்கு, நான் பின்னால் வருகிறேன்.

நூறு வயசு இரு, நெற்றியில் விபூதி பூசிவிட்டதாக நினைத்துக்கொள். குளிரில் உனக்குக் காது வலிக்கும், துண்டு கட்டாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உனக்குச் சொல்லாமல் விட்ட அப்பத்தா,
அய்யம்மாள்