காணாமல் போன துண்டுகள்

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் குட்டியும் மூன்று வேளையும் தின்று, தூங்கி, சண்டை போட்டு, குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது. அடுத்தவர் காலுக்கு ஓடி ஓடி மருந்து கட்டுகிற நர்சம்மா தன் காலை மட்டும் கவனிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் பண்ணினால் குட்டி பக்கத்திலேயே நிற்கிறாள். விஷயமே அவளைப் பற்றித்தான். அதனால் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, முடிவெட்டுகிற நாற்காலியில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்க் கண்ணாடியில் ஒருவன் திருட்டு முழி முழித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறான். நம்பும்படியான முகமாகத் தெரியவில்லை.

முதலில் கடைச் சேதி. துண்டுகள் காணாமல் போகின்றன. ஷேவிங் முடிந்து முகம் துடைக்கிற வெள்ளைத் துண்டுகள்தான், நீ ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டிக் கொடுத்தாயே, அவை. அதிலும் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவைதான் போகின்றன. புதுசு அப்படியே இருக்கிறது. பழசாகப் பார்த்துத் திருடுகிற திருடனை நீ எங்கேயாவது கண்டதுண்டா? சலவைக்காரத் தம்பி மேல்தான் எனக்குச் சந்தேகம். கேட்டால், அண்ணே, சத்தியமா எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டேண்ணே என்று அழாத குறையாகச் சொல்கிறான். நம் மீசைக்காரர் இருக்கிறாரே, மீசையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு பாதிநாள் பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர், அவர் சொல்கிறார், அழறவன்தான்யா எடுத்திருப்பான் என்று. குட்டிதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து துண்டுகளை மடித்து அடுக்குகிறாள். அவளுக்கும் தெரியவில்லையாம்.

இப்போது பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்புக்குப் புதுசாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். உறவும் உடல்நலமும் என்று பெயர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். இதைப் பற்றி வருஷ ஆரம்பத்தில் தலைமை சிஸ்டர் பெற்றோரைக் கூப்பிட்டு விளக்கினார்களாம். விளக்கினார்களாம் என்ன, நானும் போயிருந்தேன். எனக்கு ஃபேனுக்குக் கீழே இடம் கிடைத்துவிட்டது. கண் விழித்தபோது எல்லோரும் எழுந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆமென் சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு ஆமென் சொன்னேன் என்று இப்போதுதான் பயமாக இருக்கிறது.

பையன்களை விளையாட்டு வாத்தியாரோடு வெளியே அனுப்பிவிட்டு, பெண்பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி டீச்சர் பாடம் நடத்துகிறார்களாம். கணக்குக்குச் சாத்தாத கதவை இதற்கு மட்டும் ஏன் சாத்த வேண்டும்? இன்னைக்கு என்னடி நடத்தினாங்க என்று கேட்டால், ஒண்ணுமில்லப்பா என்கிறாள். எறும்பு கடித்ததைக்கூட மூன்று பாகமாகக் கதை சொல்லுகிறவள், ஒண்ணுமில்லப்பா என்கிறாள்!

அதோடு போகவில்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, மாற்றுங்கள் என்றாள். தன் படுக்கை விரிப்பைத் தானே துவைக்கிறாள். போன ஞாயிறு முடி வெட்ட உட்காரச் சொல்லித் தலையில் கை வைத்தேன். தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும்ப்பா, எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க என்றாள். ஊரில் இருக்கிற தலையெல்லாம் எனக்கு முன்னால் குனிகிறது. நான் பெற்ற தலைக்கு நான் அனுமதி வாங்க வேண்டுமாம். வாங்கினேன். அப்புறம்தான் வெட்ட விட்டாள்.

ஆரம்பத்தில் இப்படியில்லை. முதல் வெள்ளிக்கிழமை வந்ததும் என் காதோடு கேட்டாள், கல்யாணம் நல்ல விஷயம்னா நம்ம பங்குச் சாமியார் ஏன்ப்பா பண்ணிக்கல, அவருக்குத் தனியா பயமா இருக்காதா என்று. இதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? கடையில் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் அந்தச் சாமியாரே முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். அவரிடமும் சொன்னேன். நாற்காலி ஆடச் சிரித்தார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழு முன்னால் குட்டியைக் கூப்பிட்டு, என்னம்மா, எனக்குப் பொண்ணு பாத்துட்டியா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குட்டி மட்டும் சிரிக்கவில்லை. நம் பிள்ளைக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மிதான் போலிருக்கிறது. உன் பக்கத்து ரத்தம்.

வர்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போய், அந்தப் பாடத்துக்கு என் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். மீசைக்காரரும் அதுதான் சரி என்கிறார். அவருக்குப் பிள்ளை கிடையாது, இருந்தாலும் விவரமானவர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கண்ணாடியில் இருக்கிறவனையும் நம்பாத உன் கணவன்


அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

உன் பதில் வருமுன்பே மறுபடி எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சிஸ்டர் அறையில் ஏசுவின் படத்துக்குக் கீழே உட்கார வைத்து, பாடப் புத்தகத்தையே என் கையில் கொடுத்தார்கள். எதை வேணும்னாலும் படிச்சுப் பாருங்க, ஆனா வகுப்புல பிள்ளைங்க பேசுறது பிள்ளைங்களோடது, அங்க உங்கள விட மாட்டேன் என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் அதிகமானது. பாடம் முடியும்வரை இருந்து டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் பிள்ளைகள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே அந்த வகுப்பின் ஜன்னல். கதவைச் சாத்தினார்களே தவிர, ஜன்னலைச் சாத்தவில்லை.

ஒட்டுக்கேட்டது தப்புதான். ஆனால் கேட்டேன்.

நான் நினைத்த எதுவும் அங்கே நடக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு வயது வரும்போது உடம்பு எப்படி மாறும், மாதாமாதம் என்ன நடக்கும், அது நோய் இல்லை, அசிங்கமும் இல்லை, கடவுள் கொடுத்த உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான் என்று டீச்சர் சொன்னார்கள். துணி வைத்தால் நன்றாக அலசி வெயிலில் காயப்போடணும், ஒளித்து வைத்து ஈரத்தோடு கட்டக்கூடாது என்றார்கள். சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுப்பி, உனக்கு ஒரு பயமோ கஷ்டமோ வந்தா யார்கிட்ட சொல்லுவே என்று கேட்டார்கள். அம்மா, அத்தை, அக்கா என்று வந்துகொண்டிருந்தது. நம் குட்டி குரல் கேட்டது. அம்மா, ஆனா அம்மா போன்லதான் இருக்காங்க என்றாள். டீச்சர், வீட்ல அப்பா இருக்காரே என்றார்கள். அப்பா ரொம்ப நல்லவர்தான் டீச்சர், ஆனா அவர்கிட்ட சொன்னா கடைக்கே தெரிஞ்சிடும் என்றாள்.

வகுப்பே சிரித்தது. பெஞ்சில் நானும் சிரித்தேன். பழக்க தோஷம். சிரித்து முடித்த பிறகுதான் யாரைப் பற்றிய சிரிப்பு என்று உறைத்தது.

டீச்சரைப் பார்க்காமலே வந்துவிட்டேன். நேராகக் கடைக்குப் போகவும் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய், கைகால் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். வெயில் விழுகிற மூலையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. நான் கட்டவில்லை. அதில் அவள் பள்ளிக்கூடப் பாவாடை தொங்கியது. காற்றில் அது விலகியபோது, உள்பக்கம் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. நீளநீளமாக, நேராகக் கிழித்து, சுத்தமாக அலசிக் காயப்போட்ட துணி. ஓரத்தில் சிவப்பு நூல்.

திருடன் அகப்பட்டான் என்றுதான், சொன்னால் நம்பு, முதலில் தோன்றியது. வாய்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்தத் துணியைப் புரிந்துகொள்ள எட்டாவது போதும். தாழ்ப்பாளும், படுக்கை விரிப்பும், ஒண்ணுமில்லப்பாவும் எல்லாம் புரிந்தது. கடையிலேயே மெத்தென்று இருக்கிற துண்டாகத் தடவிப் பார்த்து எடுத்திருக்கிறாள். பத்து வயது. பக்கத்தில் நீ இல்லை. நான் இருந்தும் இல்லை.

பாவாடையை இருந்தபடி இழுத்துவிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பாடத்தை நிறுத்தத்தான் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பாடம் மட்டும் இல்லையென்றால், ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சாகக் கிடக்கிறோம் என்று நினைத்து, அதையும் வாயைத் திறக்காமல் தனியாகவே நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

சலவைக்காரத் தம்பி விஷயம் பாக்கி. மறுநாள் அவன் வந்தபோது மீசைக்காரர், என்னய்யா, திருடன் அகப்பட்டானா என்று பேப்பருக்கு மேலே கண்ணை உருட்டினார். நான் தம்பி தோளில் கை போட்டு எல்லோரும் கேட்கச் சொன்னேன். தப்பு என்மேலதான், வீட்ல ஒழுகுற குழாய்க்குச் சுத்த நானே எடுத்துட்டுப் போயி, நானே மறந்துட்டேன் என்றேன். கடை கொல்லென்று சிரித்தது. மீசைக்காரர், உனக்கு மூளைய யாருய்யா வழிச்சுவிட்டது என்றார். அந்த ஆள் வாயில் இனி ஆறு மாதத்துக்கு நான்தான். மென்று தின்னட்டும். தம்பிக்கு என்மேல் வருத்தம் இன்னும் தீரவில்லை. தீர வைக்க வேண்டும்.

நம் தெரு மருந்துக்கடைக்காரர் என்னிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறார். அங்கே போய்ப் பிளேடு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்புறம் பாலம் தாண்டி, முகம் தெரியாத ஒரு கடையில் பெண்கள் நீங்கள் மாதாமாதம் வாங்குகிற பஞ்சுப் பொட்டலம் கேட்டேன். எந்த அளவு என்றார்கள். உலகத்தில் அதற்கு அளவு உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைக்கு என்றேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். அவள் துணி அடுக்குகிற தட்டில், பழைய மெல்லிசுத் துண்டுகளைத் துவைத்து அடுக்கி, அதன்மேல் வைத்துவிட்டேன். அவள் பார்த்தாள். நானும் தாழ்ப்பாளுக்கு ஸ்குரூ முடுக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, டீ போடட்டாப்பா என்றாள். குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். குட்டி பக்கத்தில் நிற்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து காமெடி பண்ணிக்கொண்டிருந்தது நான்தான். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நீ கூப்பிடு. கடையில் கத்திக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிடுவேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நான் கண்டுபிடித்ததை அவளிடம் காட்டிக்கொள்ளாதே. அவளாகச் சொல்கிற மாதிரி விடு. வலிக்கிறதா என்று மட்டும் நீயாகக் கேள். நான் தலைவலி என்று நினைத்து அவளுக்குத் தைலம் தேய்த்துவிட்ட நாள் ஒன்று இருக்கிறது, அன்றைக்கு எங்கே வலித்ததோ.

அவள் சொல்கிறது எதையும் எனக்கு எழுதாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் எழுதாதே. எனக்கும் தெரிய வேண்டுமென்று அவளுக்குத் தோன்றுகிற அன்றைக்கு அவளே சொல்லட்டும். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மாதா உன் காலையும் நம் குட்டியையும் காக்கட்டும். என் வாயையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப்போகாத உன் கணவன்