யாழினிக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை

என் மகராசி, செல்வியக்கா,

நீ கண்ண மூடி பதினாலு மாசம் ஆவுது. எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உக்காந்தேன், பொய் எழுத வரல. நாலு நாளா ஒரு இடத்துல நிலைகொள்ள முடியல அக்கா. சோத்துல கைய வெச்சா எழுந்துக்கத் தோணுது. எழுந்தா எங்க போறதுன்னு தெரியல.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துலயும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி, எந்தப் புள்ளைக்கு எழுத்து பிடிபடல, எதுக்குக் கணக்கு பிடிபடலன்னு சோதிச்சு அறிக்கை எழுதறது. அந்த அறிக்கை இருந்தாத்தான் பத்தாவது பரீட்சையில கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளு எல்லாம் கிடைக்கும். எழுத்து பிடிபடாததுக்குப் பேரு டிஸ்லெக்சியா, அந்த வார்த்தைய நீ வாய்நிறையச் சொல்லிச் சிரிப்ப. "எனக்கும் ஒரு தடவ அந்தச் சோதனைய வெச்சுப் பாரேன்டி"ன்னு கேட்ட. "போக்கா, உனக்கு வேற வேலையில்ல"ன்னு தட்டிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆடி மாசம் ஆண்டிமடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் போனேன். புள்ள அதுவரைக்கும் பார்க்காத பத்தியத்தான் படிக்கக் குடுக்கணும், இந்த வேலையில அதுதான் முதல் பாடம். நானோ அந்தத் தாளையெல்லாம் ஆபீஸ்லயே விட்டுட்டேன். பதினோரு புள்ளைங்க வரிசையா உக்காந்திருந்துச்சு. இன்னொரு நாள் வர சோம்பல்பட்டு, அவங்க தமிழ்ப் புத்தகத்தையே எடுத்து நீட்டிட்டேன்.

யாழினின்னு ஒரு பொண்ணு, பத்தாவது. விரல ஓட்டிக்கிட்டே ஒரு தடங்கல் இல்லாமப் படிச்சா. சரியான இடத்துல பக்கத்தக்கூடத் திருப்பினா. வாசிப்பில் குறைபாடு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

போன திங்கக்கிழமை அவ அம்மா ஆபீசுக்கே வந்துட்டாங்க. முந்திரி உடைச்சுக் கருத்துப்போன கை.

"உங்க பேப்பரக் காட்டித்தாங்க சாரு திட்டுறாரு. படிக்கத் தெரிஞ்சுக்கிட்டே நடிக்கிறியாங்கறாராம். புள்ள பத்து நாளா பள்ளிக்கூடமே போவல. முந்திரி உடைக்க வரேங்குது."

"வூட்டுல எப்படிம்மா படிக்கும்?"

"அது எங்கங்க படிக்குது? தங்கச்சிதான் சத்தமா வாசிக்கும். இது வேல பாத்துக்கிட்டே கேட்டுக்கும். மறுநாளு அட்சரம் பிசகாம ஒப்பிச்சிரும்."

உனக்கும் இதே மாதிரி வாசிச்சுக் காட்டினது யாரு அக்கா? நான்தானே! ஊர்ல எவ ஏமாந்தாலும் நான் ஏமாறலாமா?

மறுநாளே சரியான தாளோட அவங்க வூட்டுக்குப் போனேன். "இது எங்க புக்குல இல்லீங்களே மிஸ்"ன்னா யாழினி. முதல் வரியத் தாண்டறதுக்குள்ள அவளுக்கு நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. தப்பு என்னோடதும்மா, உன்னோடது இல்லன்னேன். அழுவான்னு நெனச்சேன். அழல.

"அத கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா? அங்க வெச்சுத்தான் திட்டுனாரு."

எங்க ஆபீஸ்ல பெரியவர் ஒருத்தர் இருக்காரு. "புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க, பழசப் பத்தி வாயத் தொறக்காதீங்க. ஒத்துக்கிட்டா உங்க அறிக்கை அத்தனையும் கிளறுவாங்க"ங்கறாரு. கிளறட்டுமே. அன்னைக்கி புத்தகத்தப் பாத்துப் படிச்ச மத்த பத்துப் புள்ளைங்க கதி என்ன? அதுங்களையும் மறுபடி சோதிக்கணும். பயமாத்தான் இருக்கு அக்கா, இல்லன்னு சொல்லல.

நாளைக்குக் காலையில போறேன். யாழினி வெளிய நிப்பாளாம், நான் சொல்லி முடிச்சாத்தான் உள்ள வருவாளாம். சார் முன்னாலயும் அந்தப் புள்ளைங்க முன்னாலயும், தப்பா எழுதினது நான்தான்னு சொல்லிடறேன். உம்மேல சத்தியம்.

எட்டாவதுல வாத்தியாரு, ஒப்பிக்கிறவளுக்குப் படிக்க வராதான்னு உன்னப் பொய்க்காரியாக்கி வெயில்ல நிறுத்தினப்ப, ஆறாவது வகுப்பு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே நின்னேன். எங்க அக்காவுக்கு நெசமாவே படிக்க வரல சார்னு ஓடிவந்து சொல்லியிருக்கலாம். நீ அன்னைக்கோட பள்ளிக்கூடத்த விட்டுட்ட. ஏன்டி சொல்லலன்னு ஒருநாளும் என்னக் கேட்டதில்ல.

அன்னைக்கி ஜன்னலோரம் நின்ன
உன் தங்கச்சி
மலர்