மண்சட்டியை ஏற்காத அடுப்பு

நவம்பர் 4

கேஸ் குழாயை இன்று அடைத்துவிட்டுப் போனார்கள். புது இண்டக்‌ஷன் அடுப்பு கறுப்புக் கண்ணாடியாகப் பளபளக்கிறது. அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

அக்கா நோயெமி வேலைக்குப் போனால் அவள் மகள் இட்ஸெல் எங்களிடம்தான். போன மாதம் மூச்சு இழுத்து மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்கு ஸ்பானிஷில் நான்தான் சொன்னேன்: கேஸ் அடுப்பு ஆஸ்துமாவுக்கு ஆகாதாம். வழி கேட்கக்கூடத் தயங்குகிறவள் நான்; வீட்டு ஓனரிடம் போய்ப் பேசி மாற்ற வைத்தேன். அம்மாவைக் கேட்கவில்லை.

கேட்டிருக்கணுமோ?

நவம்பர் 5

அம்மா பீன்ஸ் வேகவைக்க மண்சட்டியை ஏற்றினாள். அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தில்தான் இது சுடுமாம்.

"இதுவும் உன்ன மாதிரி காலேஜ் படிச்சிருக்கு போல. மண்சட்டியக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குது."

நோயெமி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 7

ரொட்டி, முட்டை. அவ்வளவுதான் இன்றைய சமையல்.

நவம்பர் 10

மிளகாயை நேர் தீயில் கருக்கினால்தான் தோல் உரியும். அம்மா கண்ணாடி மேலேயே மிளகாயைப் போட்டு உருட்டிப் பார்த்தாள். பச்சையாகவே கிடந்தது.

"தீயே இல்ல. நான் எதப் பாத்து சமைக்கறது?"

குரல் உடைந்திருந்தது. நான் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 12



வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் புகை அலாரம் அலறுகிறது. துணி துவைக்கிற அறையில் அம்மா மூட்டிய பழைய கரி அடுப்பு, மேலே மிளகாய். குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அம்மா துண்டால் அலாரத்தை விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இட்ஸெல் தூங்குகிறாள்! அவளை அள்ளிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"புள்ளையக் கொல்லப் பாக்கறியா நீ?"

தெருவே கேட்கக் கத்தினேன். நானா அது?

அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர் முன்னாடி அதத்தான சொன்ன? நான் ஆக்கிப்போட்டுதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு?"

சொல்லவே இல்லை. ஆனால் — அப்படி இல்லைம்மா என்றும் சொல்லவில்லையே.

நவம்பர் 13

நேற்றே ஆஸ்பத்திரியில் காட்டினோம். இட்ஸெலுக்கு ஒன்றுமில்லை.

காலையில் கரி அடுப்பைக் கொல்லையில் எலுமிச்சை மரத்தடிக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மிளகாய்க் கூடையோடு வந்து உட்கார்ந்தாள்.  நான் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கரியை விசிறினேன்.

டிசம்பர் 23

கிறிஸ்துமஸுக்குத் தமாலே செய்ய, சோள மடலில் மாவைப் பொதிந்து அவிக்க, எல்லாரும் கூடியாயிற்று. செலோ பெரியம்மா தன் பெரிய அலுமினியக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துக் குண்டானின் அடியில் வைத்தாள். காந்தம் கீழே விழுந்தது.

"ஒட்டல. இது இங்க வேகாது, கொண்டுபோய் வெளிய கரி அடுப்புல வை அக்கா."

"இது என்னடி லாலா இம்சை! பேசாம பழைய கேஸையே போட்டுத் தொலையேன்" என்று பெரியம்மா அம்மாவிடம் சலித்துக்கொண்டார்.

அம்மா சோள மடலில் மாவைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"எங்க வீட்ல புள்ள இருக்குக்கா."