நீல உருண்டையில் தண்ணீர் உண்டா

கள்ளிக்குப்பம்,
24-9-1989

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் அவரைப் போலவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. அமெரிக்காவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கக் கருமாரி துணை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ சொன்னதுதான் சரி அம்மா, வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷப்படவேண்டியவள் நான், அடுப்பில் ரசம் பொங்கி வழிவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். போன கடிதம் கோபத்தில் எழுதியதடி. மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை, இடுப்பு விட்டுப்போயிருந்தது. இங்கே ஒரு குடம் தண்ணீருக்கு அல்லாடுகிறோம், நீங்கள் ஆளில்லாத கிரகத்தைப் படம் பிடிக்கக் கோடி கோடியாய்க் கொட்டுகிறீர்கள், அந்தப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று எழுதிவிட்டேன். பாவம் என்ற வார்த்தையை எழுதியிருக்கக் கூடாது.

அப்பா என்னைச் சும்மா விடுவாரா? நீ மட்டும் வாரா வாரம் சனிக்கு எண்ணெய் ஊத்திகினு கீற, உன் பொண்ணு கிரகத்தை எட்டிப் பாத்தா மட்டும் குத்தமா என்கிறார். உன் ஏழரை நல்லபடியாகக் கழியத்தானே எள் விளக்குப் போடுகிறேன்! நீங்கள் வானத்துக்கு அனுப்பிய இயந்திரம் எட்டு வருஷத்துக்கு முன்பே சனியைத் தாண்டிவிட்டதாம். நான் இன்னும் கோயிலில் அந்தச் சனி பகவானையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலை குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு ஜமீலா கலர் படம் போட்ட பத்திரிகை கொண்டுவந்தாள். நெப்டியூனாம், நீல உருண்டை. அக்கா, இது நம்ம வடிவு கம்ப்யூட்டர்ல சரி பண்ண படமா, இன்னா அழகு கீது பாரேன் என்றாள். இருக்கும் என்றேன், தெரியாமலே. உடனே பத்துப் பேர் என் தோளில் சாய்ந்துவிட்டார்கள். நம் முத்தம்மாளைத் தெரியுமே, தன் குடத்தை யாராவது ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் தெருவே நாறும்படி சண்டை போடுவாள். லாரி ஹாரன் அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. படத்தின் மேல் விரலை வைத்து, ஏங்கா, இவ்ளோ நீலமா கீதே, அங்க தண்ணி கீதா என்று கேட்டாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் பொண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

செலவு அதிகம்தான், அவ்வளவு கொட்டுவதை நான் இன்னும் ஒப்பவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிடுமா என்று அப்பா கேட்கிறார். ஆனால் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களே அந்த நீல உருண்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். என் வார்த்தைக்காக நீ வேலையை விடாதே. உனக்கு நாங்கள் இங்கே பார்க்கும் கல்யாணப் பேச்சு அது பாட்டுக்கு நடக்கும்.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. சகல சௌபாக்கியத்துடன் நன்றாக இரு. பதிலை மட்டும் சீக்கிரம் எழுது, குடம் வைக்கப் போகும்போதெல்லாம் முத்தம்மாள் கேட்கிறாள். நீ அங்கே இல்லாவிட்டால் நான் யாரைக் கேட்டுச் சொல்வேன்?

இப்படிக்கு,
உன் அம்மா
பார்வதம்